எட்செல் பூட்டின வண்டி

தெக்க, உப்பளத்த ஒட்டி இங்கதான் முங்கணும்னு அடையாளத்துக்கு மஞ்சக்கல்லு நட்டிருக்கற எடத்துல என் புருஷன் எட்செலோட வண்டி நின்னுக்கிட்டிருந்துச்சு. கலங்கரை விளக்குப் பக்கம் டயர் வெடிச்சு நின்ன கஸ்டமருக்கு மாத்து டயர் குடுத்துட்டு நான் திரும்பி வந்துக்கிட்டிருந்தேன். பாத்தா, எல்லாக் கண்ணாடியும் ஏத்தியிருக்கு. எறங்கிப் போய்க் கதவ இழுத்தேன். பூட்டியிருக்கான்.

இன்னொரு தடவ இழுத்துப் பாத்தேன்.

வண்டின்னா பூட்டத்தானே செய்வாங்கன்னு நெனப்பீங்க. எங்க பொனேர் தீவுல பூட்ட மாட்டோம். கடலோரத்துல நிறுத்தினா கண்ணாடிய எறக்கி விடணும், கதவச் சும்மா சாத்தணும், உள்ள ஒரு துண்டுகூட வைக்கக்கூடாது. அப்புறம்தான் தண்ணிக்குள்ள எறங்கணும். திருட வர்றவன் எட்டிப் பாப்பான், ஒண்ணுமில்லன்னு போயிடுவான். பூட்டினா உள்ள சரக்கு இருக்குன்னு அர்த்தம், கல்லெடுத்து அடிப்பான். கண்ணாடி கப்பல்ல வந்து சேர்ற வரைக்கும் பிளாஸ்டிக் தாளு ஒட்டிக்கிட்டு ஓட்ட வேண்டியதுதான்.

நாங்க பிக்கப் வாடகைக்கு விடறோம். வண்டி, சாவி, கழுவறது எல்லாம் நான். கஸ்டமரக் கூட்டிக்கிட்டு, முதுகுல காத்து சிலிண்டரோட கடலுக்குள்ள முங்கறது அவன். சாவியக் கையில குடுக்கறப்ப எட்செல் ஒரு பிரசங்கமே பண்ணுவான். பூட்டாதீங்க, போன் எடுத்துட்டுப் போகாதீங்க, மோதிரம் போட்டுக்காதீங்க, தனியா முங்காதீங்கன்னு. கேட்டுக் கேட்டு எங்க வீட்டு நாய்க்கே அது மனப்பாடம்.

ஒரு தடவ நாங்க ரெண்டு பேரும் குளிக்கப் போனோம். என் கல்யாணத்துக்கு அம்மா போட்ட தோடு பைக்குள்ள இருந்துச்சு. இன்னிக்கு மட்டும் பூட்டுடான்னு கெஞ்சினேன். சட்டம்னா சட்டம்தான்னான். பை போச்சு, தோடும் போச்சு. ஏன் எடுத்துட்டு வந்தேன்னு என்னையே திட்டினான். அன்னிக்கு எனக்காகப் பூட்டாத ஆளு இன்னிக்குப் பூட்டியிருக்கான்.

யாருக்காகன்னு எனக்குத் தெரியும். ஹன்னெகா.

ஹாலந்துக்காரி. முன்னெல்லாம் புருஷனோட வருவா, அவன் செத்துப்போனதுக்கப்புறம் தனியா வர்றா. இந்தத் தடவ மத்தவங்களோட படகுல போகமாட்டாளாம், எட்செல் மட்டும் கூட வரணுமாம், வாரம் பூரா. நெட்டையா, எலும்பா இருப்பா, தலையெல்லாம் நரை. அழகின்னு சொல்லிட முடியாது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். அழகியா இருந்தா அழகுல மயங்கிட்டான்னு மனசத் தேத்திக்கலாம். இவகிட்ட என்னத்தக் கண்டான்?

காய்கறிக் கடையில கல்லாவுல இருக்கறவ நேத்து கேக்கறா, "என்னடி மிலுஷ்கா, உன் ஆளு குளிருக்குக் கோட்டு வாங்கிட்டானா"ன்னு. சிரிச்சு மழுப்பிட்டேன். ஆனா என் தங்கச்சி புருஷன் அப்படித்தான் ஒருத்தியோட ஹாலந்துக்குப் போனான். எங்க தீவு ஹாலந்தச் சேந்தது, எங்க எல்லார்கிட்டயும் இருக்கறது ஹாலந்து பாஸ்போர்ட்டுதான். ஒருத்தி கையக் காட்டினா போதும், ஏரோப்பிளேன் ஏறிடலாம். தங்கச்சி இன்னும் வாசல்ல வண்டிச் சத்தம் கேட்டா தலைய நீட்டிப் பாக்கறா. எனக்கு அந்தக் கதி வருமோன்னுதான் இந்த வாரம் பூரா நான் சரியாச் சாப்பிடல.

கண்ணாடியில கையக் குவிச்சு உள்ள பாத்தேன். சீட்டுக்கடியில எட்செலோட சட்டை சுருண்டு கெடந்துச்சு, அதுக்குள்ள ஒரு பொம்பளைப் பை. அவ பைய என் புருஷன் சட்டையில சுத்தி வச்சிருக்கான். அந்தச் சட்டையத் தொவச்சுக் காயப் போட்டவ நான்.

சாவிய எங்க ஒளிப்பான்னு எனக்குத் தெரியாதா. பழைய செருப்புக்குள்ள போட்டு, மேல ஒரு பவளக்கல்ல வைப்பான். கல்லப் பொரட்டினேன். செருப்பு இருந்துச்சு, சாவி இல்ல.

"அக்கா, அத நான் எப்பவோ பாத்துட்டேன். சாவி அங்க இல்ல."

திரும்பினா சென்ச்சோ. என் தம்பியோட ஒண்ணாப் படிச்சவன். படிப்பு வரல, வேலையும் வரல, கை மட்டும் நீளமாயிடுச்சு. இந்தக் கரையில யார் பை காணாமப் போனாலும் போலீஸ்காரங்க மொதல்ல அவன் வீட்டுக்குத்தான் போவாங்க. அந்தக் காலத்து உப்பள அடிமைங்க படுத்த குட்டிக் குடிசை இருக்கே, அதுலேர்ந்து குனிஞ்சு வெளிய வந்தான். கையில ஒரு கல்லு.

"கீழ போடுடா அத."

போட்டான். "எட்செல் வண்டின்னு தெரியும். ஆனா பூட்டியிருக்கேக்கா. நான் என்ன பண்ணுவேன்? கூப்பிட்டு விருந்து வச்சுட்டு சாப்பிடாதேன்னா எப்படி?"

"இது என் வண்டிடா. கண்ணாடி மேல கைய வச்ச, கைய ஒடிச்சு அடுப்புல வச்சிடுவேன்."

"சரி, கோவிச்சுக்காத." பக்கத்துல வந்து அவனும் உள்ள எட்டிப் பாத்தான். "எட்செல் பூட்டினானா? ஊருக்குத்தான் உபதேசம்போல." அப்புறம் கொரலக் கொறச்சான். "உள்ள என்ன இருக்குன்னு பாக்கணுமா? நானே ஒடைக்கறேன். பழி என் மேல. பழகினதுதானே."

ஒரு நிமிஷம் மனசு தடுமாறிச்சு, பொய் சொல்லல. அந்தப் பையத் தூக்கிக் கடல்ல வீசினா எப்படி இருக்கும்னு நெனச்சேன். எரியற வீட்டுல புடுங்கினது லாபம்னு அவன் பாக்கறான், எரியறது என் வீடு. வேண்டாம்னுட்டேன்.

எட்செல் வண்டியோட பின்னாடி தொட்டிக்குப் பூட்டு கெடயாது, அந்தக் கதவ எறக்கி அதுமேல ஏறி உக்காந்தேன். காத்து சும்மா விசிறி அடிச்சுது. தூரத்துல தண்ணி மேல குமிழி எதுவும் தெரியல.

சென்ச்சோ போகாம நின்னான். "இந்த வாரம் பூரா இவங்களால எனக்குப் பொழப்பே கெட்டுப்போச்சுக்கா" ன்னான்.

"என்னடா சொல்ற?"

"ஒரு தடவ முங்கி எந்திரிச்சா அடுத்த முங்கலுக்கு முன்னாடி உக்காந்து மூச்சு வாங்கணும்ல? மத்த கோஷ்டி எல்லாம் எங்கயாவது சாப்பிடப் போவாங்க, நடப்பாங்க. இவங்க ரெண்டு பேரும் இதோ நீ உக்காந்திருக்கியே, இங்கயே உக்காந்து பேசிக்கிட்டே இருக்காங்க. நான் குடிசைக்குள்ள வேர்த்து ஊத்திக்கிட்டுக் காத்துக்கிட்டிருக்கேன்."

மூணாம் மனுஷன்கிட்ட, அதுவும் ஒரு திருட்டுப் பயகிட்ட, என் புருஷனப் பத்திக் கேக்கணுமான்னு இருந்துச்சு. ஆனா தண்ணிக்கு வெளிய அவங்கள விடாமப் பாத்தவன் இந்த ஊர்ல அவன் ஒருத்தன்தான்.

"கையப் புடிச்சுக்கறாங்களா?"

"இல்லக்கா."

"மறைக்காதடா."

"எங்கம்மா சத்தியமா இல்ல. பேச்சுத்தான். பாதி நேரம் உன்னப் பத்தித்தான். மிலுஷ்கா பண்ற ஆட்டுக்கறிக் குழம்பு, மிலுஷ்கா டயர் மாத்தற அழகு, மிலுஷ்காவுக்குத் தண்ணின்னா பயம் ஆனா ஒத்துக்க மாட்டான்னு. கேட்டுக் கேட்டு எனக்கே உன் மேல மரியாதை வந்துடுச்சு."

சந்தோஷப்பட்டிருக்கணும். பட்டேன், ஒரு மூச்சு நேரம். அடுத்த மூச்சுல பழையபடி பத்திக்கிச்சு. டயர் மாத்தற அழகா? எங்கிட்ட என்னிக்காவது சொன்னானா? வீட்டுக்கு வந்தா சோறு, டிவி, தூக்கம். இன்னிக்கு அல நல்லாருந்துச்சுன்னு ஒரு வார்த்த சொன்னாலே அன்னிக்கு அவன் நெறயப் பேசினதா அர்த்தம். என்னப் பத்தின நல்ல பேச்செல்லாம் அவளுக்கு, குறட்டை மட்டும் எனக்கு.

"மீதிப் பாதி நேரம்?" ன்னு கேட்டேன்.

சென்ச்சோ கால் கட்டைவிரலால மண்ணக் கிண்டினான். "விடுக்கா."

"சொல்றியா, இல்ல உங்கம்மாகிட்ட வரவா?"

"அந்தம்மா புருஷன் செத்ததச் சொல்லி அழுதுச்சு. எப்படிப் போனாரு, கடைசியா என்ன சொன்னாரு, எல்லாம். அப்புறம் இவன் சொன்னான். உங்க பொண்ணப் பத்தி." என் மொகத்தப் பாக்காமயே பேசினான். "இசைரான்னு பேரு வச்சீங்களாமே. எனக்குத் தெரியாதுக்கா. எட்செல் அழுதான். திருட வந்தவன் எழவு வீட்டுல மாட்டிக்கிட்ட மாதிரி ஆயிடுச்சு. அன்னிக்கு வண்டி தெறந்துதான் கெடந்துச்சு, நான் கைய வைக்கல."

அந்தப் பேரு அடுத்தவன் வாயிலேர்ந்து என் காதுல விழுந்துடுச்சு.

பக்கத்துத் தீவு குராசோவுல, ஆஸ்பத்திரியில பொறந்தா. ஒரு பகல் இருந்தா, ராத்திரி இல்ல. எனக்கு வயித்த அறுத்து எடுத்திருந்தாங்க, எந்திரிக்க முடியல. எட்செல்தான் தூக்கி வச்சிருந்தான், எட்செல்தான் பொதைச்சுட்டு வந்தான். வந்து கைய அலம்பிட்டு, வீட்டுக்குப் போலாமான்னான். அவ்வளவுதான். அந்தப் பேர நாங்க ரெண்டு பேரும் அதுக்கப்புறம் வாயால சொன்னதே இல்ல. அவ அழுதாளா, கண்ணத் தெறந்தாளா, யார் ஜாட, எனக்கு எதுவும் தெரியாது. கேட்டா ஒடிஞ்சுடுவானோன்னு நான் கேக்கல. அவனுக்கு மறந்துபோச்சுன்னுகூட சில நாள் நெனச்சிருக்கேன்.

மறக்கல. எடுத்து வச்சிருக்கான். எடுத்துக் குடுத்திருக்கான், அவகிட்ட.

கையப் புடிச்சிருந்தாக்கூட எனக்கு இவ்வளவு வலிச்சிருக்காது. போயிட்டு வாடான்னு காறித் துப்பிட்டு வேலையப் பாத்திருப்பேன்.

"சென்ச்சோ, நீ போ."

போயிட்டான்.

கொஞ்ச நேரத்துல ரெண்டு தல தண்ணிக்கு மேல வந்துச்சு. கரையில பவளக்கல்லு வழுக்கும், அதனால எட்செல் அவ முழங்கையத் தாங்கிக் கூட்டிக்கிட்டு வந்தான். எல்லாக் கஸ்டமரையும் அப்படித்தான் கூட்டிக்கிட்டு வருவான், தெரியும். தெரிஞ்சும் எரிஞ்சுது. அவ கழுத்துல ஒரு சின்ன ரப்பர் டப்பா தொங்குச்சு, தண்ணி புகாதது. என் வண்டிச் சாவி அதுக்குள்ள.

எட்செல் என்னப் பாத்ததும் நின்னான். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி முழிச்சான்.

"ஏன் பூட்டின?"

"இவங்க தங்கியிருக்கற ரூமுல நேத்து யாரோ பூந்துட்டாங்க. பாஸ்போர்ட்டு, காசு எல்லாத்தையும் எங்க வைக்கறதுன்னு பயந்துட்டாங்க. அதான் பூட்டிட்டு, சாவிய அவங்ககிட்டயே குடுத்தேன்."

"நான் பயந்தப்ப பூட்டலையே."

ஹன்னெகாதான் வாயத் தெறந்தா. "எப்படி இருக்கீங்க மிலுஷ்கா" ன்னு எங்க பாஷையிலயே கேட்டா. எட்செல் இழுக்கற மாதிரியே கடைசி வார்த்தைய இழுத்தா. அவன்கிட்டதான் கத்துக்கிட்டிருக்கா. அவ கண்ணுல ஒரு கனிவு, எல்லாம் தெரிஞ்ச கனிவு. அதப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. என்னப் பத்தி அவளுக்கு எவ்வளவோ தெரியும், அவளப் பத்தி எனக்கு நரை மட்டும்தான் தெரியும்.

"இந்த வண்டிய நீங்க எடுத்துக்கிட்டுப் போங்க" ன்னு சொன்னேன். "சாவிதான் கழுத்துலயே இருக்கே. இவன் என்னோட வருவான்."

அவ முட்டாள் இல்ல. எட்செலயும் என்னையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, ஈரத்தோடவே ஏறிக் கெளம்பிட்டா.

அவன் இன்னும் முதுகுல சிலிண்டரோட நின்னுக்கிட்டிருந்தான். தண்ணி சொட்டிக்கிட்டே இருந்துச்சு.

"ஹாலந்துக்குப் போகப் போறியா?"

"யாரு? நானா? அந்தக் குளிர்ல எவன் இருப்பான்? நான் ஏன் போகணும்?"

பொய் சொல்றப்ப அவன் மூக்கச் சொறிவான். சொறியல. வாரம் பூரா இருந்த பயம் போயிடுச்சு. அந்த எடத்துல வேற ஒண்ணு வந்து உக்காந்துக்கிச்சு.

"இசைரா பத்தி அவகிட்டச் சொன்னியா?"

அந்தப் பேரு என் வாயிலேர்ந்து வந்ததும் அவன் அப்படியே கல்லு மேல உக்காந்தான், சிலிண்டர் பின்னால மோதிச்சு.

"நீ கேக்கவே இல்லயே மிலுஷ்கா" ன்னான். "உன்கிட்ட எப்படி ஆரம்பிக்கறது? நீ அழுதா நான் என்ன பண்ணுவேன்? அவங்க வேத்து ஆளு. சொல்லிட்டு எந்திரிச்சுத் தண்ணிக்குள்ள போயிடலாம்."

"இப்ப கேக்கறேன். எனக்குச் சொல்லு."

நான் பெல்ட்டக் கழட்டி சிலிண்டர எறக்கினேன். பக்கத்துல உக்காந்தேன். அவன் சொன்னான். கண்ணத் தெறந்தாளாம், ஒரு கண்ணு மட்டும். அவன் சுண்டு வெரலப் புடிச்சுக்கிட்டாளாம். நெத்தி என் நெத்தியாம். ஜன்னலுக்கு வெளிய கப்பல் போச்சாம், அவளத் தூக்கிக் காட்டினானாம். நான் அழுதேன். அவன் தோள்ல மொகத்த வச்சு, உப்புத் தண்ணியும் கண்ணுத் தண்ணியும் ஒண்ணாப் போக அழுதேன். என் பொண்ணு இத்தன வருஷம் கழிச்சு எனக்குக் கெடச்சா.

ஆனா அவன் தடுமாறாமச் சொன்னான். வெரலுக்கு அப்புறம் நெத்தி, கப்பலுக்கு முன்னாடி ஒரு சின்ன நிறுத்தம். எங்க நிறுத்தணும், எத எதுக்கப்புறம் சொல்லணும்னு அவனுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. ஏற்கனவே ஒரு தடவ சொல்லிப் பழகின வாயி. தட்டுத் தடுமாறி, திக்கித் திணறி சொன்னதெல்லாம் அங்க செலவாயிடுச்சு.

மொதல்ல கேட்டவ ஹன்னெகா. அப்புறம் குடிசைக்குள்ள ஒளிஞ்சிருந்த திருட்டுப் பய சென்ச்சோ. பெத்தவ நான் மூணாவது.