பொறுப்பாளர் கட்டம்

"இந்த சிஸ்டம் என் குழந்தை" என்று மேலாளர் மேடையில் கண்கலங்கியபோது, கடைசி வரிசையிலிருந்த டெஸ்பாட்ச்காரர்கள் பலமாகக் கைதட்டினார்கள். தட்டினால் சீக்கிரம் விடுவார்கள் என்பது அவர்களுடைய அனுபவம். மெத்தை தைத்து விற்கும் அந்தக் கம்பெனிக்கு, பஞ்சு வாங்குவது முதல் லாரி கிளம்புவது வரை எல்லாவற்றையும் ஒரே திரையில் காட்டும் மென்பொருள் வந்திருந்தது. அதை ஊழியர்கள் நெஞ்சார ஏற்கும்படி செய்வது பயிற்சியாளனின் வேலை. நெஞ்சு எந்தப் பிரிவின் கீழ் வருகிறது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

மற்ற பிரிவுகள் பணிந்துவிட்டன. சரக்கேற்றி அனுப்பும் டெஸ்பாட்ச் மட்டும் மசியவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் அவர்களும் வராவிட்டால் அவனைத் தொலைதூரக் கிளைக்கு அனுப்புவதாக மேலாளர் சொல்லியிருந்தார். அவன் மனைவியோ அதே டெஸ்பாட்சில் பில் போடுகிறவள். கல்யாணமான புதிது. ஆக, அவன் குடும்பம் நடத்துவதா, தனி அறையில் தானே துவைத்துப் போட்டுக்கொள்வதா என்பது லோடுமேன்கள் கையில் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அவர்கள் அதிசயமாக எல்லாவற்றையும் பதிந்தார்கள். கிழிந்த உறை, நனைந்த மெத்தை, பிந்திய லாரி, ஒன்று விடவில்லை. பயிற்சியாளனுக்கு உச்சி குளிர்ந்தது. மதியம் மேலாளரே கோடவுனுக்கு இறங்கி வந்தார். கையிலிருந்த ஃபோன் ஓயாமல் கிணுகிணுத்தது. 'பொறுப்பாளர்' என்ற கட்டத்தில் அத்தனை பேரும் அவர் பெயரைப் போட்டிருந்தார்கள்.

"எந்த உறை கிழிஞ்சாலும் எனக்கு மெசேஜ் வருது! யாருய்யா என் பேரைப் போட்டது?"

லோடுமேன்களில் மூத்தவர், எல்லோருக்கும் மாமா, பணிவாகவே சொன்னார். "நீங்கதானே சார் உங்க குழந்தைன்னீங்க. அழுதா அப்பாவைத்தானே கூப்பிடணும்?"

மெத்தைக் கட்டுகளுக்குப் பின்னால் யாரோ இருமலாகச் சிரித்தார்கள். மேலாளர் பயிற்சியாளன் பக்கம் திரும்பினார். "பெட்டியைக் கட்டிக்கோ தம்பி."

அவன் மனைவி எழுந்தாள். ஆபீசில் அவளுக்கு அவன் சார்தான். "சார், ஒரு சந்தேகம். எங்க பேரைப் போட்டு ஏதாவது தப்பா அமுக்கிட்டா, சுவத்துத் திரையில அந்தப் பேரு பெருசா சிவப்பா எரியுதே. அது போகுமா, போகாதா?"

"போகுமே. 'திருத்து'ன்னு ஒண்ணு இருக்கு. அமுக்கினா பச்சையாயிடும்."

"இதை ஏங்க இத்தனை நாளா சொல்லல?" வீட்டுக் குரல் வந்துவிட்டது.

அவன் யோசித்துப் பார்த்தான். தொலைநோக்குக்கு ஸ்லைடு இருந்தது. கூட்டு முயற்சிக்கு, மலையுச்சியில் கைகோத்து நிற்பவர்களோடு ஒன்று இருந்தது. தப்பு செய்கிறவர்களுக்குத்தான் ஒன்றும் இல்லை.

"மறந்துட்டேன்" என்றான். அந்தப் பயிற்சியில் எல்லோருக்கும் முழுசாகப் புரிந்த முதல் வார்த்தை அது.

மாமா கணினி முன் உட்கார்ந்தார். பொறுப்பாளராகத் தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார். எந்த லாரியும் கொள்ளாத எண்ணிக்கையில் மெத்தைகளைப் பதிந்து, வேண்டுமென்றே தப்பாக அமுக்கினார். சுவரிலிருந்த பெரிய திரையில் அவர் பெயர் சிவப்பாக எரிந்தது. மேலாளரின் ஃபோன் முதல்முறையாகச் சும்மா இருந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பெட்டி விஷயம் திங்கட்கிழமை பேசிக்கலாம்" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

பயிற்சியாளன் 'திருத்து' மேல் விரலைக் கொண்டுபோனான். மாமா அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"இருங்க மாப்ளே, என்ன அவசரம்? என் பேரு இவ்ளோ பெருசா எங்க வந்திருக்கு? நீ ஒரு ஃபோட்டோ எடும்மா."

மாமா திரைக்குக் கீழே போய், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நின்றார். அவள் ஃபோனைத் தூக்கிப் பிடித்தாள். அவளுக்குப் பின்னால் மற்ற லோடுமேன்கள் தலையைக் கோதிக்கொண்டு வரிசைகட்டினார்கள்.

"சார், கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?" என்றாள்.

மேலாளர் ஒரு மெத்தைக் கட்டோடு ஒட்டி ஒதுங்கி, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்.