இடப்பக்கம் விட்ட இடம்

கொப்பியில் முதலில் நான்கை எழுதுகிறேன், அதற்கு இடப்பக்கத்தில் ஓர் இலக்கம் நிற்கக்கூடிய இடம் விட்டு, பென்சிலைத் தூக்கிக்கொண்டு காத்திருக்கிறேன், உண்ட் என்று தொலைபேசிக்குள் அவர் குரல் இழுக்கிறது, உண்ட் என்றால் நம்முடைய ‘உம்’தான், பிறகு ட்ஸ்வான்சிக் வருகிறது, விட்ட இடத்தில் இரண்டைப் போட்டு இருபத்து நான்கு என்கிறேன், கெட்டிக்காரி என்கிறார் என் கணவர் பகீரதன், அங்கே ஜேர்மனியில் மத்தியானம், இங்கே கொக்குவிலில் பின்னேரம், முற்றத்தில் காயப்போட்ட உடுப்பை எடுக்காமல் இருக்கிறேன், இது எந்த ஞாயிறு, தெரியவில்லை, எல்லா ஞாயிறும் ஒரே ஞாயிறாகிவிட்டன.

இந்த டொச்சுக்காரருக்கு, ஜேர்மன் பேசுகிற சனத்துக்கு, என்ன கேடு பிடித்ததோ, இருபத்து நான்கு என்று நேரே சொன்னால் வாய் வெந்துவிடுமா, நான்கும் இருபதும் என்று பின்பக்கத்தால் வருகிறார்கள், பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் எல்ஃப், ட்ஸ்வல்ஃப் என்று தனிப்பெயர், நூறு வந்தால் மட்டும் அது நல்ல பிள்ளையாக முன்னால் நிற்கும், அதன் பின்னால் மறுபடியும் நான்கும் இருபதும், எழுத்தில் எழுதினால் இடைவெளியே இல்லாத ஒரே சொல், வாசித்து முடிக்க மூச்சு வாங்கும், தொலைபேசி இலக்கத்தைச் சோடி சோடியாகச் சொல்வார்கள், அதிலும் ட்ஸ்வை என்னாமல் ட்ஸ்வோ என்பார்களாம், இரண்டு மூன்றாகக் கேட்டுவிடக் கூடாதாம், அவ்வளவு கவனமான சனம். பத்தாம் வகுப்புக்குக் கணிதம் படிப்பித்தவள் நான், அந்த வேலையை விட்டுவிட்டு டொச் வகுப்புக்குப் போனவள், கொழும்பில் இரண்டு முறை பரீட்சை எழுதி இரண்டு முறையும் கேட்டல் பகுதியில் இந்த இலக்கங்களிலேயே விழுந்தேன், பாஸ் பண்ணினால்தான் விசா, விசா வந்தால்தான் அவரோடு வாழ்க்கை, தாலி கட்டி மூன்று வருடத்தில் நாங்கள் ஒரு வீட்டில் இருந்தது பத்தொன்பது நாள். அழுதேன். அவர்தான் சொன்னார், இஞ்ச பாரும், ஒற்றை இலக்கத்தை முதல் எழுதிப்போட்டு முன்னால கொஞ்சம் இடம் விடும், ஆள் பிறகு வரும், நானும் உமக்கு இங்க இடம் விட்டு வைச்சிருக்கிறன் தானே. அந்தக் கதையில் உருகிப்போனேன், மடைச்சி. எழுத்து எப்பப்பா வைக்கிறது, கலியாணத்தைப் பதிஞ்சால் தானே விசாவுக்குப் போடலாம் என்று கேட்டால், அவசரப்படாதையும், முதல்ல நம்பர் வடிவா வரட்டும் என்பார், நானும் வடிவாக வரட்டும் என்று பஸ் இலக்கத்தையும் வீட்டுக் கதவிலக்கத்தையும் முணுமுணுத்துக்கொண்டு தெருவில் போவேன், சனம் விசர் என்று நினைத்திருக்கும்.

ஒரு ஞாயிறு, பதினேழுக்கு ஸீபன்ட்ஸேன் என்றேன், அவருக்குப் பின்னால் ஒரு சிரிப்பு, ஸீப்ட்ஸேன், ஸீப்ட்ஸேன் என்று ஒரு சின்னக் குரல் திருத்தியது, ஆரப்பா அது, கீழ்வீட்டுப் பிள்ளை, கதவு திறந்து கிடந்தால் ஓடி வந்திடும் என்றார், நல்ல பிள்ளை, என்னிலும் கெட்டிக்காரி என்று நானும் சிரித்தேன், சிரித்தேனே.

இன்றைக்கு நான்கும் இருபதும் முடிந்த கையோடு அங்கே வாசல் மணி அடிக்கிறது, ஒரு நிமிஷம் நில்லும் என்று தொலைபேசியை வைத்துவிட்டுப் போகிறார், ஹலோ என்கிறது அந்தச் சின்னக் குரல், எனக்குச் சந்தோசம், முதலாம் பாடத்தில் படித்த கேள்விகளைக் கேட்டுப் பார்க்க ஓர் ஆள், உன் பெயர் என்ன, லீனா, எங்கே வசிக்கிறாய், இங்கேதான் என்கிறது, அம்மாவோடும் அப்பாவோடும், நீங்கள் அப்பாவின் தங்கச்சிதானே, இன்னும் எண்ணப் பழகுகிற தங்கச்சி. எல்லாம் டொச்சில், எல்லாம் எனக்கு விளங்குகிறது, படுபாவி அவ்வளவு வடிவாகப் படிப்பித்திருக்கிறான், நடுவில் அப்பா என்ற சொல் மட்டும் தமிழ். பாடத்தில் அடுத்த கேள்வி எதுவோ அதை வாய் தன்பாட்டில் கேட்கிறது, உனக்கு எத்தனை வயது.

ஸெக்ஸ்.

ஆறை எழுதுகிறேன், பழக்கதோசம், இடப்பக்கத்தில் இடம் விடுகிறேன், உண்ட் வரும் என்று பென்சிலைத் தூக்கிப் பிடித்திருக்கிறேன், இருபதோ முப்பதோ ஏதாவது ஒன்று வந்து இந்த ஆறைப் பெரிதாக்கி, கீழ்வீட்டு ஆராவது ஆக்கி, என்னைக் காப்பாற்றட்டும், கடவுளே, எனக்குத் தாலி கட்ட வந்த நாளில் இந்தப் பிள்ளைக்கு மூன்று வயது, நல்லூரில் அவளுக்கென்று நானே பார்த்து வாங்கின பாவாடை, சிநேகிதனின் மகளுக்கு என்றானே, மூன்று வயசு அளவு எடும் என்றானே.

லீனா, ஆரோட கதைக்கிறாய், காலடிச் சத்தம், தொலைபேசி கைமாறுகிறது, அவன் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை, எங்க விட்டனாங்கள், லைனில நிக்கிறீரா?

ஓம் அண்ணை, தங்கச்சி நிக்கிறன், சொல்லுங்கோ.

மழை தூறத் தொடங்குகிறது, உடுப்பெல்லாம் நனைகிறது, அவன் ஏதாவது சொல்வான் என்று இன்னும் காதில் வைத்துக்கொண்டிருக்கிறேன், கொப்பியில் ஆறு நிற்கிறது, அதற்கு முன்னால் நான் விட்ட இடத்துக்கு ஒருவரும் வரவில்லை.