ஓட்டல் வேற, வீடு வேற

"அந்தக் குக்கர்ல கை வெக்காத."

லட்சுமம்மா இதைச் சொன்ன குரலில் சோனியாவுக்குச் சுள்ளென்று வந்தது. காபி டம்ளர் வைக்க இடமில்லை என்று குக்கரைக் கொஞ்சம் நகர்த்தப் போனாள், அவ்வளவுதான். சொந்த வீட்டுச் சமையல் மேடையில் அதற்கும் தடை.

மேடையில் பாதியைப் புதுப் பாத்திரங்கள் அடைத்துக்கொண்டிருந்தன. குக்கர், வாணலி, கரண்டிகள், தட்டுகள், டம்ளர்கள். எதிலும் ஸ்டிக்கர் பிரிக்கவில்லை. கறி, முட்டை, கருவாடு எதுவும் படாத பாத்திரத்தில் சமைத்துப் போட்டால் மாப்பிள்ளை வீட்டார் சாப்பிடுவார்கள் என்று நம்பி லட்சுமம்மா வாங்கி வைத்தவை. பசிக்காகச் சாப்பிடுவது அல்ல அது. பெண் வீட்டில் அவர்கள் கை நனைத்தால்தான் சம்பந்தம் உறுதி. நனைக்காமல் எழுந்து போனால் என்ன அர்த்தம் என்று காக்ஸ் டவுன் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சந்தில் எல்லோருக்கும் தெரியும்.

"நாம சாப்புடற தட்டு அவங்களுக்கு ஆவாதுன்னு நீயே ஒத்துக்கிறியாம்மா?" என்றாள் சோனியா.

"ஒத்துக்கல. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்றேன். உன் கல்யாணத்துக்குத்தான்."

ரித்விக் சோனியாவோடு வைட்ஃபீல்டில் ஒரே டீமில் வேலை செய்கிறவன். இரண்டு வருடமாக இருவரும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். அவன் குடும்பம் ஐயங்கார் குடும்பம். கொள்ளுத்தாத்தா காலத்தில் மைசூர் அரசாங்க உத்தியோகத்துக்கு வந்து இங்கேயே நிலைத்தவர்கள். சோனியாவின் கொள்ளுத்தாத்தாவும் உத்தியோகத்துக்குத்தான் வந்தார். கண்டோன்மெண்டில் வெள்ளைக்காரத் துரைகளின் கக்கூஸைச் சுத்தம் செய்யும் உத்தியோகம். அப்பா முனிகிருஷ்ணன் பெயிண்டர். அந்தச் சந்தில் இன்ஜினியரிங் முடித்த முதல் ஆள் சோனியா. சுவரில் புத்தர் படமும் அம்பேத்கர் படமும் இருக்கின்றன. அம்பேத்கரை இன்றைக்கு மட்டும் பீரோவுக்குப் பின்னால் வைக்கலாமா என்று லட்சுமம்மா முந்தின நாள் கேட்டுப் பார்த்தாள். சோனியா பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அங்கேயே நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை வரை, அவர்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவதாகத்தான் இருந்தது. லட்சுமம்மா அவரைக்கொட்டை வாங்கி ஊறவைத்து, ஒவ்வொன்றாகத் தோல் பிதுக்கி, பிரிட்ஜில் டப்பா டப்பாவாக அடுக்கிவிட்டாள். தை மாதத்தில் அவள் வைக்கும் பிதுக்குப் பருப்புக் குழம்புக்குச் சந்து முழுக்கப் பேர் உண்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரித்விக்கின் அப்பா அனந்தபத்மநாபன் போன் செய்தார். உங்களுக்கு எதற்குச் சிரமம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் வெளியே சாப்பிடலாம், என் செலவு, நல்ல பெரிய இடமாகச் சோனியாவே சொல்லட்டும் என்றார்.

முனிகிருஷ்ணன் பூரித்துப்போனார். எவ்வளவு பெரிய மனசு என்றார். சோனியாவுக்கு அந்த மனசின் அளவு புரிந்தது. ஒரு இடத்தைச் சொன்னாள். லாவெல் ரோடு பக்கம், பெயர்ப்பலகையே இல்லாத ஓட்டல். அவளுடைய பெரியம்மா மகன் சீனு அங்கேதான் சமையல்காரன்.

அது தெரிந்த உடனே லட்சுமம்மா போனை எடுத்தாள். சீனுவைக் கூப்பிட்டு, எங்களைத் தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்ளாதே என்று கெஞ்சி வாக்கு வாங்கிவிட்டாள். இப்போது மகளிடம் வந்தாள்.

"அவன் உள்ள சமைக்கறான்னு சொல்லித் தொலைச்சிடாத."

"ஏன், அவன் இன்னா திருடனா?"

"கல்யாணம் ஆவட்டும்டி. அப்பறமா மெதுவா சொல்லிக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை பழக்கத்தில் முனிகிருஷ்ணன் காலையிலேயே ஆட்டுப் போட்டி வாங்கி வந்துவிட்டார். லட்சுமம்மா அதை வாசற்படி தாண்ட விடவில்லை. பக்கத்து வீட்டு ஃபாத்திமாவின் பிரிட்ஜில் வைத்துவிட்டு வரச் சொன்னாள். குடலைக் கழுவினால் வாடை ஒரு நாள் முழுக்க நிற்கும். ஓட்டலில் சாப்பிட்டு முடித்ததும் சம்பந்தியைக் கூப்பிட வேண்டும், வீட்டுக்கு வந்து ஒரு வாய் காபியாவது குடிக்கச் சொல்ல வேண்டும் என்று அவள் மனசுக்குள் முடிவு செய்திருந்தாள். காபி குடித்தாலும் கை நனைத்த மாதிரிதான். ஒரு டம்ளர் காபிக்காக அந்த வீடு காலையிலிருந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

ஓட்டலில் முதலில் முனிகிருஷ்ணனின் கண்ணில் பட்டது சுவர். சிமெண்ட் பூச்சு பாதியிலேயே நின்று செங்கல் தெரிந்தது. வேலை முடியறதுக்குள்ள திறந்துட்டாங்களா என்று மகளின் காதில் கேட்டார். அதுதான்பா டிசைன் என்றாள் சோனியா. இப்படி விட்டுட்டு வந்தா எனக்குக் கூலி குடுப்பானா ஒருத்தன் என்று முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார்.

அனந்தபத்மநாபன் நல்ல உற்சாகத்தில் இருந்தார். முனிகிருஷ்ணனை "மிஸ்டர் கிருஷ்ணன்" என்றார். 'முனி' அவர் வாயில் நுழையவில்லை. ரித்விக்கின் அம்மா கோமளம் பட்டுப்புடவையில், சிரித்த முகத்தோடு இருந்தாள். லட்சுமம்மாவிடம் கழுத்தாரம் நன்னா இருக்கு என்றாள். எல்லோருக்கும் சைவச் சாப்பாடே சொல்லியாயிற்று. பக்கத்து மேஜையில் ஒருவர் பன்றிக்கறியை முள்கரண்டியால் கிழித்துக்கொண்டிருந்தார். இதே அடுப்படியில் வெந்த கறிதான் அது. கோமளத்தின் முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை.

சோனியா கவனித்துக்கொண்டே இருந்தாள். ஆபீஸில் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் இதைப் பற்றி ஓயாமல் பேசுவார்கள். இவ்வளவு விலை கொடுத்து இப்படிப்பட்ட ஓட்டலில் சாப்பிடுவது இன்னும் தகுமா? தட்டு பெரிசு, சோறு சின்னது என்பான் ஒருவன். சாப்பாட்டுக்கு இல்லை, அனுபவத்துக்குத்தான் காசு என்பாள் இன்னொருத்தி. சோனியாவிடம் இதற்குப் பதில் இருந்ததில்லை. இப்போது எதிரே உட்கார்ந்திருந்தது பதில். முதன்முதலில் பார்த்த அன்று கோமளம் அவளிடம் சொந்த ஊர் எது, அங்கே எந்தத் தெரு, அப்பா பக்கம் என்ன பெயர் வைப்பார்கள் என்று மூன்று வழியில் சுற்றிச் சுற்றி ஒரே கேள்வியைக் கேட்டவள். இங்கே தட்டு வருகிறது, வாயைத் திறக்கிறாள். யார் கழுவியது, யார் கிளறியது, யார் தொட்டது, ஒரு கேள்வி கிடையாது. கேட்காமல் இருப்பதற்கும் சேர்த்துத்தான் இங்கே விலை. கோமளம் மாதிரி ஆட்களுக்கு இது கொடுத்த காசுக்கு மேலேயே தகும்.

கருங்கல் துண்டின் மேல் ஒரு கீற்று வாழைத்தண்டு வந்தது. கிண்ணத்தின் அடியில் நுரை வந்தது. முனிகிருஷ்ணன் ஒவ்வொன்றையும் ஒரே வாயில் முடித்துவிட்டு அடுத்ததற்காகக் காத்திருந்தார். அவருக்குப் பசி இப்போதுதான் ஆரம்பித்திருந்தது.

அந்த ஓட்டலில் ஒரு வழக்கம். சமைத்தவனே தட்டை எடுத்து வந்து, இந்தப் பண்டம் எங்கிருந்து வந்தது என்று கதை சொல்ல வேண்டும். கதைக்கும் சேர்த்துத்தான் ஆட்கள் வருகிறார்கள். வெள்ளை அங்கியில், கையில் ஒரு சின்ன ஜாடியோடு சீனு வந்தான்.

ஒவ்வொருவர் முன்னாலும் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு ராகிக் களி உருண்டை. அதன் மேல் ஜாடியிலிருந்து குழம்பை மெல்ல ஊற்றினான். வாசனை எழுந்ததும் லட்சுமம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. பிதுக்குப் பருப்பு. தக்காளியை நெருப்பில் சுட்டுப் போட்டு, கடைசியில் பச்சைப் பூண்டைத் தட்டிப் போட்டது. அவள் வைக்கிற குழம்பு.

ஓட்டலில் கற்றுக்கொடுத்தபடி சீனு இங்கிலீஷில் கதையைச் சொன்னான். சின்ன வயதில் அம்மா வேலைக்குப் போனபின் சின்னம்மா வீட்டில்தான் சாப்பிடுவேன், குளிர்காலத்தில் அவர் கையால் வைக்கும் குழம்பு இது, ஒரு சின்ன அடுப்படி, அந்த அடுப்படியின் நினைவைத்தான் இந்தத் தட்டில் வைத்திருக்கிறோம். யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னான். எல்லோரையும் கேட்டுக்கொண்டு கடைசியாக லட்சுமம்மாவிடம் குனிந்தான்.

"உங்களுக்கு இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா மேடம்?"

தான் சோறூட்டி வளர்த்தவன் மேடம் என்கிறான். அவள் சொல்லிக்கொடுத்த பொய்தான். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். இந்த நிமிஷத்துக்காகவே இந்த ஓட்டலைச் சொன்ன சோனியாவுக்கு இப்போது வாய் வரவில்லை. அம்மாவின் முகம் அப்படி இருந்தது.

கோமளம் ஒரு கரண்டி வாயில் வைத்தாள். கண்ணை மூடித் திறந்தாள்.

"தமிழாப்பா நீ? என்ன ருசி இது. எங்காத்துல எத்தனை தடவை பண்ணியும் இப்படி வந்ததில்ல."

"தேங்க்ஸ் மேடம்."

"உன் சின்னம்மாவுக்கு என் நமஸ்காரத்தைச் சொல்லு. கையில லட்சுமி இருக்கா அவங்களுக்கு."

சீனு ஜாடியை மேஜையில் வைத்துவிட்டு, தலையைக் குனிந்தபடி நகர்ந்தான். கோமளம் ஜாடியில் மிச்சமிருந்ததையும் தன் தட்டில் சரித்துக்கொண்டாள். வழித்துச் சாப்பிட்டாள்.

அதற்கப்புறம் வந்த இனிப்பை யாரும் சரியாகப் பார்க்கவில்லை. லட்சுமம்மா கோமளத்தின் பக்கம் திரும்பினாள். இங்கேர்ந்து கிட்டதான், வீட்டுக்கு வந்து ஒரு வாய் காபி சாப்பிட்டுப் போகணும், எல்லாம் புதுப் பாத்திரம்தான் என்று காலையிலிருந்து மனப்பாடம் செய்ததை ஒப்பித்தாள். புதுப் பாத்திரம் என்பதை இரண்டு தடவை சொன்னாள். சோனியாவுக்குத் தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது.

"ஐயோ, வயிறு டம்முனு இருக்கும்மா" என்று கோமளம் சிரித்தாள். "இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

"இன்னொரு நாள் ஆண்ட்டி" என்றான் ரித்விக், அம்மாவின் குரலுக்குக் கீழேயே.

 லட்சுமம்மா தலையைத் தூக்கினாள்.

"நீங்க சொன்ன நமஸ்காரம் வந்துடுச்சிமா."

கோமளத்துக்குப் புரியவில்லை.

"அந்தப் பையன் எங்க அக்கா மகன். அவன் சொன்ன சின்னம்மா நான்தான். அந்தக் குழம்ப அவனுக்குக் கத்துக்குடுத்தவ நான். எங்கூட்டு அடுப்படிதான் அது. ரெண்டு தடவை ஊத்திக்கினீங்க. காபி மட்டும் எறங்காதா?"

கோமளத்தின் கை தண்ணீர் டம்ளருக்குப் போய், எடுக்காமல் திரும்பி வந்தது. முனிகிருஷ்ணன் மனைவியைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அனந்தபத்மநாபன்தான் முதலில் தேறிக்கொண்டார். படித்தவர், கூட்டங்களில் சாதி ஒழிய வேண்டும் என்று பேசுகிறவர். கனிவாகவே சொன்னார்.

"நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. இதெல்லாம் நாங்க பாக்கறதே இல்ல. ஆனா ஓட்டல் வேற, வீடு வேற. ஓட்டல்ல யார் சமைச்சா என்ன?"

"எங்களுக்கும் அதான் கேள்வி சார்" என்றாள் சோனியா. "வூட்ல யார் சமைச்சா இன்னா?"

அவர் கார்டை எடுத்துச் சர்வரை நோக்கி நீட்டினார். சோனியா ரித்விக்கைப் பார்த்தாள். அவன் மேஜைத் துணியின் மடிப்பை விரலால் நீவிக்கொண்டிருந்தான். இரண்டு வருடமாக அவளை பைக்கில் கொண்டுவந்து விட்டவன், ஒரு நாளும் சந்துக்குள் வந்ததில்லை. முனையில் இறக்கிவிட்டு, உள்ளே வண்டி திருப்ப முடியாது என்பான். அதே சந்தில் ஆட்டோ திரும்புகிறது, தண்ணி லாரி திரும்புகிறது. அதைத் தானும் நம்பிக்கொண்டிருந்தோமே என்று அவளுக்கு இப்போது எரிந்தது.

"போலாம் எந்திரிங்க" என்றாள் லட்சுமம்மா கணவனிடம். "எனக்குப் பசிக்குது."

வீட்டுக்கு வந்ததும் புடவையைக்கூட மாற்றவில்லை. ஃபாத்திமா வீட்டுக் கதவைத் தட்டிப் பொட்டலத்தை வாங்கி வந்தாள். போட்டியைச் சுண்ணாம்பு போட்டு உரசி, சுடுதண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவினாள். வாடை வீட்டை நிறைத்து வாசலுக்குப் போயிற்று. பிறகு புதுக் குக்கரை எடுத்து, நகத்தால் ஸ்டிக்கரைச் சுரண்டினாள். பாதி வந்தது, பாதி ஒட்டிக்கொண்டது. பரவாயில்லை என்று அப்படியே அடுப்பில் ஏற்றினாள். போட்டி வெந்ததும், விருந்தாளிக்கென்று பிதுக்கி வைத்த பருப்பு முழுவதையும் அதிலேயே கொட்டினாள்.

மத்தியான வேலை முடிந்து, ராத்திரி வேலைக்குப் போவதற்கு முன்னால் சீனு வந்தான். உள்ளே வராமல் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"சாப்பாடு ரெடியா மேடம்?"

லட்சுமம்மா கரண்டிக் காம்பால் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். "இன்னொரு தபா மேடம்னு சொன்ன, பல்லு இருக்காது." சொல்லிவிட்டு முதல் தட்டை அவனுக்குப் போட்டாள். புதுத் தட்டு. முனிகிருஷ்ணன் களியை உள்ளங்கை அளவுக்கு உருட்டி, இதுதான்டா உருண்டை என்று சீனுவிடம் காட்டினார். ஸ்டிக்கர் ஒட்டிய தட்டுகளில் நாலு பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

சோனியாவின் போன் அதிர்ந்தது. இடது கையால் திருப்பிப் பார்த்தாள். ரித்விக்.

"குட் நியூஸ். அம்மா ஓகே சொல்லிட்டா. ஒரே ஒரு கண்டிஷன்தான். ரெண்டு ஃபேமிலியும் எப்பவும் வெளியவே மீட் பண்ணிக்கலாமாம். கல்யாணத்துக்கு அப்புறமும். அந்த ஓட்டலே ஓகேவாம். அந்தக் குழம்பு அவளுக்கு ரொம்பப் பிடிச்சுடுச்சு."

சோனியா அதைச் சத்தமாகப் படித்தாள். சீனு மெல்லுவதை நிறுத்தினான். முனிகிருஷ்ணன் மனைவியைப் பார்த்தார்.  லட்சுமம்மா மகளின் தட்டில் இன்னொரு கரண்டி போட்டாள்.

சோனியா கையை நக்கிவிட்டு, ஒற்றை விரலால் எழுதினாள்.

"அதே குழம்புதான் இங்க. இன்னைக்குப் போட்டி போட்டது. உங்களுக்கு நாளைக்குப் போட்டி இல்லாம வெப்போம், இதே குக்கர்ல. மூணு பேரும் வீட்டுக்கு வாங்க. இல்லன்னா எந்த ஓட்டலுக்கும் வர வேணாம்."

வீடு இருக்கும் இடத்தையும் கூடவே அனுப்பினாள். சந்தின் முனையை அல்ல, வாசலை. நீல டிக் விழுந்தது. எழுதுகிறான் என்று காட்டியது. நின்றது. மறுபடி எழுதுகிறான் என்று காட்டியது. அதற்கப்புறம் எதுவும் வரவில்லை.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவள் அம்மாவிடம் இன்னும் கொஞ்சம் களி கேட்டாள்.

சாப்பிட்டு முடித்ததும் லட்சுமம்மா எல்லாவற்றையும் தேய்த்தாள். கருவாடு வதக்கும் பழைய வாணலியும், பாதி ஸ்டிக்கரோடு புதுக் குக்கரும், பழைய தட்டும் புதுத் தட்டும். இவ்வளவு நாளும் தனித்தனியாக வைத்திருந்தவற்றை ஒரே கூடையில், ஒன்றன் மேல் ஒன்றாகக் கவிழ்த்தாள். தண்ணீர் வடிந்தபின் எது எது என்று பிரிக்க அவள் அக்கறைப்படவில்லை.