காதில் பஞ்சு வைப்பதற்கு முன்

"மெதுவா, மெதுவா. ஒவ்வொருத்தரா சொல்லுங்க. பெரிய எழுத்தாளர்தான், இல்லேங்கல. ஆனா இப்போ கையில நோட்டு இல்லையே."

செசியா சொன்னதைக் கேட்டு, கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஜாக்மெல் ஊரில் இறந்தவர்களைக் குளிப்பாட்டுவது அவள் வேலை. ஆரஞ்சு இலை ஊறிய தண்ணீரில் துணியை முக்கி, விடியற்காலையில் போய்ச்சேர்ந்த எழுத்தாளர் ஸொலாஞ்சின் தோளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முன்பே செத்துப்போனவர்களுக்கு இவள் காதில் சேதி சொல்லியனுப்பத் தெருவே வந்திருந்தது. காதில் பஞ்சு வைத்துவிட்டால் பிறகு சொல்லிப் பயனில்லை.

கிழவர் மெரியுஸ் தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார்.

"ஸொலாஞ்சு கண்ணு, என் பொண்டாட்டியப் பாத்தா சொல்லு. கறிப்பலா மரம் நமக்குத்தான்னு தீர்ப்பாயிடுச்சு."

"மரம்தான் போன புயல்லயே விழுந்துடுச்சே மாமா!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"அத அவகிட்ட எதுக்குச் சொல்லணும்? நீ சும்மா இரு."

வாசற்படியிலேயே நின்றிருந்தாள் நெர்லாண்ட், ஸொலாஞ்சின் தங்கை. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர்தான். இருந்தும் அவள் இந்தப் படி ஏறி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

அக்காவின் இரண்டாவது நாவல் பாரிஸில் அச்சாகி வந்தபோது, வரிக்கு வரி விரல் வைத்து மூன்று நாளில் படித்தாள். அதில், நிலநடுக்கத்தில் இடிந்த பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பையனை நான்காம் நாள் உயிரோடு தூக்குகிறார்கள். பெயர்தான் வேறு. உடைந்த முன்பல்லும், இடது காலால் மட்டுமே பந்தை உதைக்கிற பிடிவாதமும் அவள் மகன் கெர்வென்ஸுடையவை. நிஜத்தில் கெர்வென்ஸை எடுத்தது ஆறாம் நாள், உயிரில்லாமல்.

புத்தகத்தோடு அக்கா முன்னால் வந்து நின்றாள். வெக்கைக்கு வாளித் தண்ணீரில் கால் வைத்தபடி ஸொலாஞ்ச் எழுதிக்கொண்டிருந்தாள்.

"உன் புத்தகத்துல உசுரோட வர்றவன், என் வீட்டுக்கு மட்டும் ஏன் வரல?"

"ஒரு எடத்துலயாவது வெளிய வரட்டும்னு நெனச்சேன்டி."

அதுதான் கடைசிப் பேச்சு. அதன்பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகர்வதும், இருமுவதும் கேட்கும். இருமல் முற்றி அக்கா படுத்த பிறகு, எதிர்வீட்டுக்காரியிடம் தினமும் சூப் கொடுத்தனுப்பினாள். கிண்ணம் கழுவித் திரும்பி வரும். உள்ளே போய்ப் பார்க்க மட்டும் கால் வரவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று இருந்துவிட்டாள்.

"எல்லாரும் வெளிய போய்க் காப்பி குடிங்க," என்றாள் செசியா. அறை காலியானதும் நெர்லாண்டைப் பார்த்தாள். "சொல்றதுன்னா வந்து சொல்லு. வெயில் ஏறுது."

"எனக்கு ஒண்ணும் இல்ல."

"சரி."

செசியா பஞ்சை உருட்டி இடது காதில் வைத்தாள். தலையை மெல்லத் திருப்பினாள். இன்னொரு உருண்டையை உருட்டி வலது காதருகே கொண்டுபோனபோது நெர்லாண்ட் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். எப்போது உள்ளே வந்தாளென்று அவளுக்கே தெரியவில்லை.

செசியா கையை விடுவித்துக்கொண்டு, தண்ணீர் மாற்றுகிற சாக்கில் வெளியே போனாள்.

நெர்லாண்ட் மண்டியிட்டாள். அக்காவின் ஈர முடியைக் காதிலிருந்து ஒதுக்கினாள். வலது காதருகே குனிந்தாள்.

"அக்கா... நீ அவன உன் புத்தகத்துல மீச மொளைக்கிற வரைக்கும் வளத்துட்ட. எனக்கு அந்த ஏழு வயசுப் பயலத்தான் தெரியும். வளந்திருந்தா நீதான் அடையாளம் கண்டுபிடிப்ப. அங்க அவனப் பாரு. வளந்திருக்கானா, அப்படியேதான் இருக்கானான்னு பாரு. பாத்துட்டு ஒரே ஒரு தடவ கனவுல வந்து சொல்லு. இந்தத் தடவ கத கட்டாதக்கா. எப்படி இருந்தாலும் பரவால்ல, இருக்கறபடியே சொல்லு. சொல்லுவியா?"