புதன் உள்ளே நுழைந்த நேரம்

ஆறு மணிக்கு எழுந்தேன். பல் துலக்கினேன். டீ போட்டுக் குடித்தேன். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். சவரம் செய்தேன். நீலச் சட்டையில் மூன்றாவது பித்தான் இல்லை, அதையே போட்டுக்கொண்டேன். பையை மாட்டிக்கொண்டு கதவு வரை போன பிறகுதான் இன்று லீவு என்பது நினைவுக்கு வந்தது. பையைத் திரும்ப ஆணியில் மாட்டினேன்.

லீவு புதன் கிரகத்துக்காக. அது சூரியனைக் கடந்துபோகும் நாள். என் மனைவி பள்ளியில் இயற்பியல் நடத்தினாள். பல ஊர்க்காரர்கள் சேர்ந்த ஒரு குழுவில் இருந்தாள். கிரகத்தின் கரும்புள்ளி சூரியனின் விளிம்பைத் தாண்டி முழுதாக உள்ளே வந்துவிடும் விநாடியை ஒவ்வொருவரும் தனித்தனியாகக் குறித்து அனுப்ப வேண்டும். அதற்கான தாள் வந்திருந்தது. பார்ப்பவர் பெயர் என்ற இடத்தில் தன் பெயரை அவள் எழுதி வைத்திருந்தாள். கணக்குப்படி அது நடக்கவேண்டிய நேரமும் தாளில் அச்சாகியிருந்தது. விநாடி தெரியாதபடி அதன் மேல் ஒரு காகிதப் பட்டையை ஒட்டியிருந்தாள். முன்னாலேயே தெரிந்தால் கண் அதையேதான் பார்க்கும் என்பாள். பார்த்து எழுதிய பிறகே பட்டையைப் பிரிக்க வேண்டும்.

அவள் இறந்து ஏழு வாரம் ஆகிறது. பள்ளிக்குப் போகிற வழியில் ஸ்கூட்டரை லாரி அடித்தது. சாயங்காலம் வரை நினைவில்லாமல் கிடந்தாள். அவளுடைய அம்மா வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, ஏதாவது சொன்னாளா, ஏதாவது சொன்னாளா என்று கேட்டாள். சொன்னாள் என்றேன். ஒரு தடவை கண்ணைத் திறந்தாள், தண்ணீர் கேட்டாள், வலிக்கவில்லை என்று அம்மாவிடம் சொல்லச் சொன்னாள் என்றேன். தண்ணீர் கேட்டதை நம்பும்படியாக இருக்கட்டும் என்று சேர்த்தேன். அத்தை சட்டையை விட்டாள். பித்தான் அப்போது போனது.

வருகிறவர்களிடமெல்லாம் அத்தை அதைச் சொன்னாள். சொல்லிச் சொல்லித்தான் சாப்பிட ஆரம்பித்தாள், தூங்க ஆரம்பித்தாள். இனி அதைத் திரும்ப வாங்க முடியாது என்று இருந்தேன்.

ஒன்பதரைக்கு அத்தை வந்தாள். நான்தான் கூப்பிட்டிருந்தேன். முப்பது வருடம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். எண்களைச் சொன்னால் காதில் ஆணி அடித்த மாதிரி இறங்கும்.

"மூணு மாடி. லிஃப்டு என்ன ஆச்சு?"

"ரிப்பேர், அத்தை."

"இந்த வீட்டைப் பாக்க வந்த அன்னிக்கே சொன்னேன், வேணாம்னு. காத்து வருது, வெயில் வருதுன்னு அவதான் குதிச்சா." மூச்சு வாங்கினாள். "இப்ப நான் என்ன பண்ணணும்?"

மொட்டை மாடியில் என் மனைவியின் தொலைநோக்கியை வெயிலுக்குத் திருப்பினேன். அதன் பின்னால் வைத்த அட்டைப் பெட்டிக்குள் வெள்ளைத் தாளில் சூரியன் ஒரு தட்டளவுக்கு விழுந்தது. அத்தை எனக்கு முதுகைக் காட்டிக் கடிகாரத்தின் முன் உட்கார்ந்தாள். அவள் விநாடிகளை உரக்கச் சொல்ல வேண்டும். நான் "இப்ப" என்றால் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

"எவ்ளோ பெருசா வரும்?"

"கடுகளவு."

"கடுகுக்காகவா மூணு வருஷம் காத்துக்கெடந்தா?" கடிகாரத்தை நேராக்கி வைத்தாள். "சரி, ஆரம்பிங்க மாப்பிள்ளை."

பத்து முப்பத்து மூன்றுக்கு விளிம்பில் ஒரு சின்னப் பள்ளம் தெரிந்தது. பென்சில் முனையால் குத்தினது போல. நகர்ந்தது. பாதிப் புள்ளி ஆனது. அப்போது மேகம் வந்தது. தாள் சாம்பல் நிறமானது. பிறகு ஒன்றுமே இல்லை.

அத்தை எண்ணிக்கொண்டே இருந்தாள். "நாப்பத்தொண்ணு, நாப்பத்திரெண்டு, நாப்பத்திமூணு..." நிமிடம் முடிந்தது, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள். நான் வானத்தைப் பார்த்தேன். மேகம் பெரிது. இன்னும் மூன்று நிமிடம் போனது.

தாளில் அவள் பெயருக்குக் கீழே கட்டம் காலியாக இருந்தது. அது அப்படியே போவது எனக்குப் பிடிக்கவில்லை. நகத்தால் பட்டையைக் கிளப்பினேன். பத்து முப்பத்தைந்து, பதினேழு விநாடி. அதையே எழுதினால் சந்தேகம் வரும். மூன்று விநாடி கூட்டி இருபது என்று எழுதினேன்.

"போதும் அத்தை. முடிஞ்சுது."

அத்தை திரும்பினாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தாளை வாங்கினாள்.

"இருவதுன்னு போட்டிருக்கீங்க."

"ஆமா."

"இருவது நான் சொல்றப்ப நீங்க 'இப்ப'ன்னு சொல்லலையே."

தாளின் ஓரத்தில் பட்டை பாதி கிழிந்து தொங்கியது. அத்தை அதை விரலால் நிமிர்த்தி, அடியில் இருந்ததைப் படித்தாள்.

"பதினேழுன்னு இருக்கு. மூணு கூட்டினீங்களா?"

"மேகம் அத்தை. தெரியல. அவ தாள் வெறுமனே போக வேணாம்னு..."

"வெறுமனேன்னா வெறுமனேன்னு எழுதணும். லைன் கெடைக்கலன்னா கெடைக்கலன்னுதான் நாங்க சொல்லுவோம். கெடைச்ச மாதிரி பேச முடியுமா?"

பேனாவை எடுத்து இருபதை அடித்தேன். 'மேகம். பார்க்கவில்லை' என்று எழுதினேன். அதற்குள் வெயில் திரும்பியிருந்தது. பெட்டிக்குள் புள்ளி, விளிம்பை விட்டு நன்றாக விலகி, தனியாக, உள்ளே இருந்தது.

அத்தை குனிந்து வெகுநேரம் அதைப் பார்த்தாள். நிமிராமலே கேட்டாள்.

"அன்னிக்கும் கூட்டிதான் சொன்னீங்களா?"

நான் பேனாவை மூடினேன்.

"வலிக்கலன்னு அவ சொன்னாளா மாப்பிள்ளை?"

"இல்ல அத்தை. கண்ணைத் தெறக்கவே இல்ல."

"தண்ணி?"

"இல்ல."

அத்தை நாற்காலிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தாள். கடிகாரம் ஓடியது. இப்போது யாரும் எண்ணவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஊரெல்லாம் சொல்லிட்டேன்," என்றாள்.

"தெரியும்."

"வலிச்சிருக்குமா?"

"தெரியல அத்தை."

மேகம் மறுபடி மூடியது. பெட்டியில் ஒன்றும் இல்லை.

"அப்ப நெசமா கடைசியா என்ன சொன்னா?"

"அன்னிக்குக் காலைல. வாசல்ல செருப்பு மாட்டிக்கிட்டே."

"சொல்லுங்க. ஒண்ணும் கூட்டாம."

அவள் சொன்னபடியே சொன்னேன்.

"இன்னிக்கே லீவு எழுதிக் குடுத்துரு. எண்றதுக்கு எங்கம்மாவக் கூப்பிட்டுக்கலாம். எண்ணிக்கிட்டிருந்தா என்னைத் திட்ட அதுக்கு வாய் இருக்காது."