முதல் இரண்டு மணி நேரம்

ஆஸ்பத்திரியின் தூக்கப் பரிசோதனைப் பிரிவில் அவளுடைய வேலை, ஊரார் குறட்டையைக் கேட்பது. பதினோரு வருஷமாகக் காதில் ஹெட்போன். குறட்டை எங்கே நிற்கிறது, மூச்சு எத்தனை விநாடி அடைத்துக்கொள்கிறது என்று குறிக்க வேண்டும். வீட்டுக்குப் போனால் கட்டினவனின் குறட்டை இனாம். என்ன பிறவியோ, போங்கள்!

அவன் பஸ் டிரைவர். பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கி விழுகிறான். நோய் என்று எழுதிவிட்டால் ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டார்களே என்று பயம். அவள் மூன்று மாதம் நச்சரித்த பிறகுதான் தூக்கத்தில் குறட்டையைப் பதிவுசெய்யும் ரெக்கார்டரை ஓர் இரவு டிப்போ ஓய்வறைக்கு எடுத்துப் போனான். காலையில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

உள்ளே அதைப் போட்டுக் கேட்ட ஐந்தே நிமிஷத்தில் அவளுக்கு விளங்கிவிட்டது. அடேயப்பா, என்ன ஒழுங்கு! தூங்குகிறவன் குறட்டை இப்படித் தாளம் தப்பாமல் வராது. துரை விழித்துக்கொண்டே விடுகிறார். நடுவில் ஒரு மடக்குத் தண்ணீர் வேறு. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

வேலை மலையாய்க் குவிவதால், முதல் இரண்டு மணி நேரம் கேட்டு எழுதினால் போதும் என்பது அங்கே வழக்கம். அவள் வீட்டில் புலம்பிப் புலம்பி அவனுக்கும் அது தெரியும். 'ஒன்றுமில்லை' என்று எழுதினால் அவன் வேலை பிழைக்கும், சண்டையும் ஓயும். இருந்த அலுப்பில் பேனாவைக்கூட எடுத்துவிட்டாள். மனசு கேட்கவில்லை. பதிவை மூன்றாவது மணி நேரத்துக்குத் தள்ளிக் கேட்டாள். நடித்துக் களைத்தவன் அங்கே நிஜமாகவே தூங்கிப்போயிருந்தான்.

அவனை உள்ளே கூப்பிட்டு ஹெட்போனை மாட்டினாள்.

"சத்தமே வரலயே. மெஷின் நின்னுபோச்சா?"

"மெஷின் ஓடுது. உங்க மூச்சுதான் நின்னிருக்கு. கேளுங்க."

அவன் காத்திருந்தான். முகம் வெளுத்தது. கடைசியில், தண்ணீரில் முங்கினவன் மேலே வந்தாற்போல் ஓர் இழுப்பு. தூக்கிவாரிப்போட்டது அவனுக்கு.

"நாப்பத்திரண்டு செகண்ட்" என்றாள். "மணிக்கு முப்பது தடவ இப்படி."

"வேலை போயிடுமேடி."

"வைத்தியம் பாத்துட்டுத் திரும்ப ஓட்டலாம். முதல்ல உசுரோட இருங்க."

அவன் ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். பிறகு கேட்டான்:

"தினமும் பக்கத்துல படுத்துகிட்டு இதையா கேக்கற?"

"நிக்கும்போதெல்லாம் எண்ணுவேன். திரும்ப வர்ற வரைக்கும் எண்ணிட்டே கிடப்பேன்" என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அவன் பேனாவை எடுத்து அவள் கையில் கொடுத்தான்.

"இருக்கறத எழுது."