பட்டி பார்த்த இடம்

1

இந்தக் கதையை வண்ணார்பேட்டையில் ஒரு டீக்கடையில் வைத்துக் கேட்டேன். பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது பக்கத்து பெஞ்சில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள், காதில் விழுந்தது. கதை எழுதுகிறவனுக்கு இப்படி விழுவதெல்லாம் லாபம்தானே.

(இந்தப் பத்தி சரியில்லை. இப்போதைக்கு இருக்கட்டும். பின்னால் வந்து சுரண்டிக்கொள்ளலாம்.)

தொடக்கம் மூன்று எழுதிப் பார்த்தேன். “தாமிரபரணியில் தண்ணீர் செந்நிறமாகப் புரண்ட ஓர் ஐப்பசிக் காலையில்...” அடித்துவிட்டேன். ஆற்றுக்கும் இந்தக் கதைக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. திருநெல்வேலிக்காரன் எழுதினால் ஆறு வந்தே தீர வேண்டுமா என்ன? அடுத்தது, “மதாரின் விரல்களில் ஒரு...” ஒரு என்ன? மந்திரமா? சீ. மூன்றாவது தேவலை:

மதார் அந்தப் புல்லட்டின் சேசிஸைத் தச்சநல்லூரில் தன் பட்டறைக் கொக்கியில் மாட்டியது 1997இல் ஒரு வியாழக்கிழமை காலை. சனிக்கிழமை பத்து மணிக்குள் அது பேட்டைக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

(“சட்டகம்” என்று எழுதலாம்தான். மதார் காதில் விழுந்தால் சிரிப்பார்.)

2

மதார் இருபது வருஷமாக வண்டிகளுக்கு பெயிண்ட் அடிக்கிறவர். அடித்த பெயிண்டில் பாதி நெஞ்சுக்குள் போயிருக்கிறது. இனி ஸ்ப்ரே துப்பாக்கியைத் தொட்டால் என்னிடம் வராதே என்று டாக்டர் கோபமாகவே சொல்லிவிட்டார்.

பேட்டையில் பவுடர் கோட்டிங் கூடம் வைத்திருப்பவர் கோமதிசங்கர். அங்கே பெயிண்ட் கிடையாது. மாவு மாதிரியான பொடியை மின்சாரத்தால் இரும்பில் ஒட்டவைத்து, இருநூறு டிகிரி அடுப்புக்குள் விட்டு உருக்கி எடுப்பார்கள். பீரோக் கதவுகளும் ஜன்னல் கம்பிகளும்தான் அதுவரை அடுப்பு ஏறியிருந்தன. வண்டி வேலையும் பிடிக்கலாம் என்று அவருக்கு ஓர் ஆசை. முதல் வண்டியாகத் தன் சொந்தப் புல்லட்டையே கழற்றி மதாரிடம் அனுப்பினார். ஒரு கொப்புளம் இல்லாமல் இது வெளியே வந்தால், திங்கட்கிழமையிலிருந்து இரும்பைச் சுத்தம் பண்ணுகிற பகுதி முழுக்க மதார் பொறுப்பு. மாதச் சம்பளம், புகை இல்லாத வேலை.

நிபந்தனை மூன்று. சுத்தம் பண்ணிய இரும்பில் எண்ணெய் தொடக்கூடாது. வெறுங்கை படக்கூடாது. பட்டி பார்க்கவே கூடாது.

பட்டி என்பது இரும்பில் உள்ள பள்ளங்களை மூடிச் சமமாக்கப் பூசும் பசை. அடுப்புச் சூட்டில் அது பொங்கி வெடித்துவிடும். கஷ்டம் என்னவென்றால், மதார் பேர் வாங்கியதே பட்டியில்தான். அவர் பட்டி பார்த்த இடத்தை அடிபட்ட வண்டிக்காரரே தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. சுண்ணாம்புப் பவுடரோடு ஒரு சிட்டிகை காவி சேர்ப்பார். தச்சநல்லூர் வட்டாரத்தில் அப்படிக் கலக்குகிறவர் அவர் ஒருவர்தான்.

3

முதலில் பெயிண்ட் ரிமூவரைப் பூசினார். கறுப்புப் பெயிண்ட் சுருண்டு வந்ததைத் தகட்டால் வழித்தார். மூலைகளுக்குக் கம்பி பிரஷ், குழாய்களைத் தேய்க்க எமரித் தாள். ஹேண்டில்பார் திரும்பும் கழுத்தில் பேரிங் உட்காரும் இரண்டு வாயையும் பொடி புகாதபடி சூடு தாங்கும் டேப்பால் அடைத்தார். மரையுள்ள துளைகளில் பழைய போல்ட்டுகளை முறுக்கினார். சேசிஸ் நம்பரை மட்டும் பைய, பல் தேய்க்கும் பிரஷால். அது தேய்ந்தால் வண்டி அநாதை.

(இந்த இடத்தில் “விசிலடித்தபடி” என்று எழுதியிருந்தேன். அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு மனுஷர் எங்கே விசிலடிப்பது? எடுத்துவிட்டேன்.)

வெள்ளிக்கிழமை மத்தியானம், ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து கடைசிச் சோதனை. இங்கேதான் பழக்கம் வேலையைக் காட்டியது. பெயிண்டர்கள் கண்ணை நம்புவதில்லை, பெருவிரலால்தான் பார்ப்பார்கள். கையுறையைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, வெறும் பெருவிரலைக் குழாயோடு ஓட்டிக்கொண்டே வந்தார். கழுத்துக்குக் கீழே முன்குழாய் சேருமிடத்தில் விரல் நின்றது. இரும்பு சில்லென்றிருந்தது. இந்த இடத்தில் மட்டும் சில்லிப்பு இல்லை.

எமரியால் இரண்டு தேய்ப்பு. செங்கல் நிறத்தில் தூள் உதிர்ந்தது. சுண்ணாம்பும் காவியும்.

தன் கையெழுத்தைப் பார்த்த மாதிரி மதார் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு உளியை எடுத்துப் பட்டி முழுவதையும் பெயர்த்தார். அடியில் முடி கனத்துக்கு ஒரு விரிசல், பாதிக் குழாயைச் சுற்றி ஓடியது.

4

அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. 1988. ஆழ்வார்திருநகரிக்கு இந்தப் பக்கம் ஒரு பாலத்துச் சுவரில் மோதிய புல்லட். “வெல்டு வச்சுட்டுப் பூசுவோம்” என்று மதார் சொன்னார். விற்க வந்தவர்* கேட்கவில்லை. வாங்குகிறவர் மறுநாள் காலையில் பார்க்க வருகிறார், வெல்டிங் தடம் தெரிந்தால் காரியம் கெட்டுவிடும் என்றார். மதாரும் பூசிக்கொடுத்தார்.

அந்த வண்டியில்தான் கோமதிசங்கர் ஒன்பது வருஷம் ஓடியிருக்கிறார். மாதத்துக்கொரு தரம் மாமனார் ஊரான ஆழ்வார்திருநகரிக்கு. மனைவி பின்னால், மகள் சுப்ரஜா முன்னால் டேங்க் மேல். விரிசலுக்கு நேர் மேலே.

* விற்றவர் பேர் இந்தக் கதைக்குத் தேவையில்லை.

5

ஒரு முடிவு இப்படி எழுதினேன்: இரண்டு கடை தள்ளி வெல்டிங் பட்டறை. அங்கே கொண்டுபோய் ஒட்டி, அராவிச் சமமாக்கி, சனிக்கிழமை அனுப்பிவிடுகிறார். பவுடர் வழவழவென்று ஏறுகிறது. வண்டியும் பத்திரம், வேலையும் பத்திரம். யாருக்கு என்ன நஷ்டம்?

நியாயமான முடிவு. மதாரும் அதைத்தான் நினைத்தார். மனைவி ஜுபைதா பீவியிடம் சொல்லியும் பார்த்தார். ஜுபைதா சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தபடி ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அந்தப் புள்ளைய நாளைக்கு அங்கன பாத்தா, நிமிந்து பாப்பீங்களா?”

மதார் சோற்றைத் தொடவில்லை. விரிசலைச் சுற்றிச் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டார்.

(மதார் இவ்வளவு நல்லவரா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. அவரைக் கொஞ்சம் அழுக்காக்கிப் பார்த்தேன், கொஞ்சம் குடிக்கவிட்டேன், மனைவியிடம் கத்தவிட்டேன். ஒன்றும் ஒட்டவில்லை. அவர் அழுக்காக இருந்தால் எனக்குச் சௌகரியம், அவ்வளவுதான்.)

6

சனிக்கிழமை காலை பேட்டையில் அடுப்பு சூடேறிக்கொண்டிருந்தது. சாக்பீஸ் வட்டத்தைக் கோமதிசங்கர் குனிந்து பார்த்தார். மதார் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார்.

“பட்டி நான் பாத்ததுதான் அண்ணாச்சி. விரிசல் தெரிஞ்சே பாத்தேன்.”

கோமதிசங்கர் கத்தவில்லை. கொஞ்ச நேரம் டேங்க் இருக்க வேண்டிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், வித்தவனுக்கு இது தெரியுமாவே என்று கேட்டார்.

“அத அவர்ட்டத்தான் நீங்க கேக்கணும்.”

“அவன் என்கூடப் படிச்சவன். தெரிஞ்சு செய்ய மாட்டான். நீரே மூடிட்டு இப்ப அவன் தலையில கட்டப் பாக்கீரு.”

வேலை இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். சேசிஸ் அடுப்பு ஏறவில்லை. இன்னும் அங்கேதான் தொங்குகிறது.

7

இப்போது முதல் பத்திக்குப் போவோம். டீக்கடையும் இல்லை, பெஞ்சும் இல்லை. மதார் என் வீட்டுக்கு வந்தார். மூச்சு வாங்க நின்றுகொண்டே நடந்ததைச் சொன்னார். எனக்காகப் போய்ப் பேசுங்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. “என் பங்கை நான் சொல்லிட்டேன் சார்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அடிக்குறிப்பையும் அடித்துவிடுகிறேன். விற்றவன் நான். பாலத்தில் மோதியது நான். வெல்டு வேண்டாம் என்றது நான். ஒன்பது வருஷமாக சுப்ரஜா அந்த டேங்க் மேல் உட்கார்ந்து எனக்குக் கையசைத்துவிட்டுப் போவாள், நானும் கையசைத்திருக்கிறேன். வெட்கக்கேடு.

மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் கோமதிசங்கர் மன்னிக்கிறார். ஒன்றில் முகத்தில் துப்புகிறார். ஒன்றில் நான் ஊரை விட்டுப் போகிறேன். மூன்றும் என்னைப் பற்றியே இருந்தன. மதார் எதிலும் இல்லை. மூன்றையும் கிழித்தேன்.

முடிவை வாசகரிடம் விடுவது எங்கள் தொழிலில் வழக்கம்தான். ஆனால் இதற்கு ஒரே ஒரு வாசகர்தான். நான் எழுதும் எதையும் முதலில் படிக்கிறவர் அவர்தானே, பள்ளிக்கூட நாளிலிருந்து.

கோமதி, இந்தத் தாள்களைத் தபாலில் போடவில்லை. உன் கூடத்துக்கு நானே கொண்டுவந்து உன் கையில் கொடுத்திருக்கிறேன். நீ இந்த வரியைப் படிக்கும்போது எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். நீ கேட்ட கேள்விக்குப் பதில்: தெரியும். தெரிந்துதான் உனக்கு விற்றேன்.

என்னை என்ன செய்வதென்று பிறகு யோசி. இன்றைக்கு மறு வியாழன். இந்தச் சனிக்கிழமை அடுப்புக்கு இன்னும் நேரம் இருக்கிறது. முதலில் மதாருக்கு ஆள் அனுப்பு.